பழைய போட் இஞ்சின்: "சிடிஐ போச்சு" என்றால் நம்பி மாற்றலாமா?

கேள்வி: அண்ணே, நான் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். கிரியான் ஆற்றில் மீன் பிடிக்க, டவுனில் ஒரு கடையில் பழைய 15 குதிரைத்திறன் அவுட்போர்டு இஞ்சின் வாங்கினேன். சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. கயிறு இழுத்தால் உடனே பிடித்து நன்றாக ஓடுகிறது. புது பேட்டரி போட்டும் சீக்கிரமே இறங்கிவிட்டது. கடைக்காரர் சிடிஐ போய்விட்டது, மாற்றணும் என்கிறார். மாற்றலாமா, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு சிடிஐக்குக் காசு கொடுக்காதீர்கள். பிளக்கில் நெருப்புப் பொறி வரவைப்பதுதான் அதன் வேலை, கயிறு இழுத்ததும் இஞ்சின் பிடித்து நன்றாக ஓடுகிறது என்றால் பொறி சரியாக வருகிறது என்று அர்த்தம். உங்களுக்கு இருப்பது வேறு இரண்டு கோளாறு: ஸ்டார்ட்டருக்குப் போதுமான மின்சாரம் போகவில்லை, பேட்டரியும் சார்ஜ் ஆகவில்லை.

'டக்' சத்தம் வருவதால் ரிலே (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரைக்கும் மின்சாரம் வருகிறது, ஃப்யூஸைச் சந்தேகப்பட வேண்டாம். வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரணமானது போதும். இஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பும்போது அது 9.6-க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். விழாமல் 12-க்கு மேலேயே நின்றும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லையா, அப்போது கோளாறு கேபிளிலோ ரிலேயிலோ ஸ்டார்ட்டரிலோதான். நான் முதலில் கை வைப்பது பேட்டரியிலிருந்து வரும் கறுப்புக் கேபிள் இஞ்சின் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில். கழிமுகப் பக்கம் ஓடிய இஞ்சின் என்றால் உப்பு அங்கேதான் உட்காரும், வெளியே பளிச்சென்று இருந்தாலும் ரப்பரைக் கொஞ்சம் சீவிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி பச்சையாகவோ கரியாகவோ பொடிந்து கிடக்கும். அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் நுனியில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு, பாடியில் அந்த இடத்தை உப்புத்தாள் தேய்த்து இறுக்குங்கள்.

அப்புறம் சார்ஜ். இஞ்சினைத் தண்ணீரில் வைத்து ஓடவிட்டு (காய்ந்த தரையில் ஓட்டினால் தண்ணீர் பம்ப் ரப்பர் போய்விடும்) கொஞ்சம் வேகம் கொடுத்து அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் காயில் (இஞ்சின் சுற்றும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்) அல்லது ரெக்டிஃபையர் (அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்)தான். சின்ன இஞ்சின்களில் சிலவற்றுக்கு ரெக்டிஃபையரே வைத்திருக்க மாட்டார்கள், மூடியைத் திறந்து அதுவும் இருக்கிறதா பாருங்கள். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சில ஃபோர்மன்களுக்கு உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள், நல்ல ரெக்டிஃபையரும் அதில் எரிந்துபோகும்.

பண விஷயம். பழைய சாமான் புதுசு மாதிரி இருக்கணும் என்று கேட்க முடியாது, ஆனால் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும் என்று சொல்லி விற்றிருந்தால் ஆகத்தான் வேண்டும். கடையில் வாங்கியதால் மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம்: 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. யாரோ ஒரு தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்த வழி கிடையாது. வேறு யாரும் பிரித்துப் போடுவதற்கு முன்னால் மீட்டர் காட்டும் எண்ணை வீடியோ எடுத்து, சரிசெய்து கொடுக்கச் சொல்லிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள், ரிசிட்டையும் பத்திரமாக வையுங்கள்.