பூக்கணக்கு நோட்டும் கபடியும்: உசிலம்பட்டித் தந்தை ஒருவருக்கு

அன்புள்ள ஐயா,

சனிக்கிழமை என் அலுவலகத்திலிருந்து புறப்படும்போது, "பொருளியல் படிச்சா சோறு போடுமா? அப்படியே படிக்கிறதா இருந்தாலும் கபடியை நிறுத்தச் சொல்லிருங்க" என்றீர்கள். இதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

உங்கள் மகள் என்னிடம் காட்டிய நோட்டை நீங்கள் பிரித்துப் பார்த்ததுண்டா? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து நீங்கள் போனில் சொல்லும் மல்லிகை விலையை நாள்தோறும் குறித்து, பக்கத்திலேயே எடையையும் கமிஷனையும் எழுதி, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறாள். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறிய வாரத்தில், 'விலை கூடியும் அப்பாவுக்கு வருமானம் குறைவு, ஏன்?' என்று ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இப்படிக் கேட்கும் பிள்ளையை இந்தப் படிப்பிலிருந்து திருப்ப நான் துணைபோக மாட்டேன்.

அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர், சிறுவயதில், பார்வை மங்கிப்போன தம் தந்தைக்குப் பங்கு விலைகளைப் படித்துக்காட்டியவர். அது சலிப்பாக இருந்தது என்றாலும், தம் பொருளியல் ஆர்வத்துக்கு அதுவே தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். பதினாறு வயது வரை அவருக்கு விளையாட்டில்தான் நாட்டம். பள்ளியில் கணித அணியும் ஹேண்ட்பால் அணியும் ஒரே நேரத்தில் கூடியதால், ஹேண்ட்பாலில்தான் கூடுதல் திறமை இருந்தும், கணிதத்தைத் தேர்ந்துகொண்டார். பின்னாளில் திருமணம், பிள்ளை வளர்ப்பு, கல்விச் செலவு என வீட்டுக்குள் எடுக்கப்படும் முடிவுகளையும் பொருளியல் கொண்டு ஆராய்ந்த அவருக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது.

'அவரும் விளையாட்டை விட்டுத்தானே முன்னேறினார்' என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் விட்டார். அந்த முடிவையும் அவரே எடுத்தார். உங்கள் மகளுக்கோ பயிற்சி காலை ஐந்தரை முதல் ஏழு வரை, டியூஷன் மாலையில். மோதாத இரண்டை நாமாக மோதவிட வேண்டாம். கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு என்பதால், மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

அவள் விடக்கூடாதது கணிதம். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியலோடு நான்காவது பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள குரூப்பையே கேட்டு வாங்குங்கள்; எளிது என்று வேறு பாடத்தைச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நல்ல முதுகலைப் படிப்புகளின் நுழைவுத் தேர்வில் கணிதத்தில் தடுமாறி நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இவளுக்கு வர வேண்டாம். இளங்கலைக்கு வெளியூர் தேவையில்லை. மதுரையிலேயே லேடி டோக், அமெரிக்கன், தியாகராசர் கல்லூரிகளில் பொருளியல் இருக்கிறது.

சோறு போடுமா என்றால், போடும். ஆனால் முதுகலை வரை பொறுக்க வேண்டும். மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத முதுகலைப் பட்டமும் 21 முதல் 30 வரையிலான வயதும் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 1000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. இடங்கள் மிகக் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ரிசர்வ் வங்கி, நபார்டு, மற்ற வங்கிகள், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்ததும் மகளுடன் வாருங்கள். இந்த முறை அவளுடைய அம்மாவும் வரட்டும். அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓரத்தில் எழுதிய அந்தக் கேள்விக்கான விடையை அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.