மண் மூட்டையில் வந்த காளான்

மண்ணும் மரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் அப்பா நட்ட மூன்று பைன் மரங்கள். கன்றுகளை நீலகிரியிலிருந்து மண்ணோடு கொண்டுவந்தாராம். ஐப்பசி மழை விட்டதும் மரத்தடியில் பழுப்புக் காளான்கள் வருகின்றன. தொட்டால் வழவழவென்று ஒட்டுகிறது. குடைக்கு அடியில் மடிப்பு கிடையாது, மஞ்சளாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது. போன வருடம் வேலியோரம் தானாக முளைத்த பைன் கன்றுகளுக்குக் கீழேயும் பார்த்தேன். இது காப்பியில் பரவுமா? மருந்து அடிக்கலாமா?
(காப்பி விவசாயி, ஏற்காடு)

பதில்: மருந்து வேண்டாம். காப்பிக்கு இது நோய் இல்லை. ஆனால் நீங்கள் கவனித்து எழுதியிருப்பது பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சூயில்லஸ் என்ற காளான் இனத்துக்குப் பொருந்துகின்றன. வடக்கு நாடுகளின் பைன் காடுகள்தான் அதன் பூர்வீகம். தரைக்கு மேலே தெரியும் குடை சில நாளில் அழுகிப் போகும். உண்மையான பூஞ்சை வருடம் முழுக்க மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமா? மரத்திலிருந்து நாலடி தள்ளிச் சருகை விலக்கி, ஒரு விரல் ஆழத்துக்கு மண்ணை அள்ளி, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். நூல் மாதிரி சிறு வேர்கள் மிதக்கும். அவற்றின் நுனியைப் பாருங்கள். கூராக இருக்காது. குட்டையாகத் தடித்து, கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து, மேலே மெல்லிய உறை போர்த்தியிருக்கும். அந்த உறைதான் பூஞ்சை. மண்ணில் இருக்கும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தையும் (நைட்ரஜன்) அது தேடி எடுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் இலையில் சமைத்த சர்க்கரையை அதற்குக் கொடுக்கிறது. ஜெர்மனியின் ஃபிராங்க் என்ற தாவரவியலாளர் 1885இல் இந்த உறவுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். பூஞ்சைவேர் என்று பொருள்.

இந்தத் துணை இல்லாமல் பைன் வளராது. கரீபியன் கடலில் இருக்கும் புவர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் நட்டு நட்டுப் பார்த்தார்கள், கன்றுகள் தேறவே இல்லை. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் நிமிர்ந்தன.

இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், மாணவிகளுக்குக் காட்டுவதற்காக ஏற்காட்டில் ஒரு நாற்றங்காலில் பைன் விதை போட்டோம். முளைத்தது, ஆனால் சுண்டுவிரல் உயரத்தில் நின்றுவிட்டது. ஊசியிலைகள் மஞ்சளாகி, சில கன்றுகளில் ஊதா நிறம் ஏறியது. தொழுவுரம் போட்டோம், பலன் இல்லை. நாற்றங்காலில் வேலை பார்த்த பெரியவர், "தாய் மரத்தடி மண்ணு வேணும்மா, அது இல்லாம இது வராது" என்றார். நீலகிரிக்குப் போயிருந்தபோது பைன் காட்டிலிருந்து இரண்டு சிமெண்ட் சாக்கில் மண் அள்ளி வந்தேன். ஒவ்வொரு நாற்றுப் பைக்கும் ஒரு கைப்பிடி போட்டோம். அடுத்த மழைக்குள் கன்றுகள் பச்சை பிடித்துவிட்டன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மீதி ஒன்றரைச் சாக்கு மண்ணை நாற்றங்காலுக்குப் பின்னால் சரிவில் கொட்டச் சொன்னேன். அந்த மண்ணில் வேறு என்னென்ன பூஞ்சைகள் இருந்தன என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கும் அந்தச் சரிவைத் தாண்டிப் போகும்போது மனசு உறுத்தும். கொட்டிய மண்ணைத் திரும்ப அள்ள முடியாது.

உங்கள் அப்பா செய்ததும் இதுதான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உலகம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மரம் போன இடத்துக்கெல்லாம் பூஞ்சையும் போனது. தைலமரத்தோடு ஆஸ்திரேலியப் பூஞ்சைகள் கண்டம் தாண்டின, பைனோடு ஐரோப்பிய, அமெரிக்கப் பூஞ்சைகள் தெற்கே இறங்கின.

சரி, காப்பிக்கு வருவோம். காப்பி, பலா, மா, நம் காட்டு மரங்களில் பெரும்பாலானவை வேறு வகைப் பூஞ்சையோடு வாழ்பவை. அது வேருக்குள்ளேயே நுழைந்து தங்கும், குடை விரிக்காது. விவசாயத் துறையில் வேர் உட்பூசணம் என்பார்கள். பைன் பூஞ்சை காப்பி வேரைப் பிடிக்காது. உங்கள் தோட்டத்து நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான், ஆனால் அது பூஞ்சையை அவ்வளவாக நம்பி வாழும் மரம் இல்லை. கொத்துக் கொத்தாகச் சிறு வேர்களை விட்டு மணிச்சத்தைத் தானே கறந்துகொள்ளும்.

அப்படியானால் கவலை எதற்கு? உங்கள் வேலியோரக் கன்றுகள்தான் காரணம். பைன் விதை காற்றில் எவ்வளவு தூரம் பறந்தாலும், விழுந்த இடத்தில் பூஞ்சை இல்லாவிட்டால் சுண்டிப்போகும். பூஞ்சை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பைனுக்குத் தடை நீங்கிவிடும். அர்ஜென்டினாவில் விக்டோரியா தீவு என்று ஓர் ஏரித் தீவு. அங்கே நட்ட பைன் பல பத்தாண்டுகள் தோட்டத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை, தள்ளி இருந்த மண்ணில் ஏற்ற பூஞ்சை குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களும் காட்டுப்பன்றிகளும் காளானைத் தின்று, சாணத்தில் வித்துகளைச் சுமந்து போவதை அங்கே ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் மலையிலும் காட்டுப்பன்றி உண்டு, காட்டெருமை உண்டு.

இன்னொன்று மண். ஈக்வடார் நாட்டு மலைப் புல்வெளியில் பைன் வைத்த இடங்களை ஆராய்ந்தார்கள். இருபது வருடத்துக்குள் மண்ணில் சேர்ந்திருந்த கரிமத்தில் 30 சதவீதம் வரை குறைந்திருந்தது. பைனோடு வந்த பூஞ்சை அந்தக் கரிமத்தைக் கரைத்துச் சாப்பிட்டதுதான் காரணம் என்று 2001இல் எழுதினார்கள். ஏற்காட்டு மண் வேறு, அதே கணக்கை இங்கே போட முடியாது. ஆனால் மண்ணுக்குக் கீழே வந்தவர் சும்மா இருப்பதில்லை என்பது தெரிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: வேலியோரக் கன்றுகளை இந்த மழையிலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது கையோடு வரும். அப்பா வைத்த மூன்று மரங்கள் நிற்கட்டும், அவற்றின் அடி மண்ணையும் சருகையும் மட்டும் வேறு இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள், காப்பி நாற்றுப் பைக்கும் போடாதீர்கள். காளானைப் பறித்து மற்ற தோட்டத்தில் எறிய வேண்டாம். நிழலுக்குப் புதுக் கன்று வேண்டுமென்றால் பலா, அத்தி, கல்யாண முருங்கை விதையையோ போத்தையோ உங்கள் தோட்டத்து மண்ணிலேயே வளர்த்து எடுங்கள். வெளியூர் நர்சரிக் கன்றோடு என்ன வருகிறது என்று நமக்குக் கண்ணால் தெரியாது.

கேள்வி: சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த காளானை நீலகிரியில் பார்த்தோம் என்று என் மகள் போட்டோ அனுப்பினாள். இது நம்மூர்க் காளானா?
(இல்லத்தரசி, அஸ்தம்பட்டி)

பதில்: இல்லை. அமானிட்டா மஸ்காரியா என்ற விஷக் காளான் அது, வட பூமியின் பிர்ச், பைன் காடுகளைச் சேர்ந்தது. நட்ட மரங்களோடு உலகம் சுற்றிவிட்டது. நியூசிலாந்தில் பைனைத் தாண்டி அந்த நாட்டின் சொந்த பீச் மரங்களின் (பீச் பழ மரம் இல்லை, இது காட்டு மரம்) வேரிலும் குடியேறிவிட்டது. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான்: வந்த மரத்தோடு நிற்காமல் உள்ளூர் மரத்துக்குத் தாவுவது. இதன் உறவுக்காரக் காளான் ஒன்று, மங்கலான பச்சைக் குடையோடு இருக்கும், ஐரோப்பாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய் அங்குள்ள ஓக் மரங்களைப் பிடித்துக்கொண்டது. அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தி, பேதி, கடைசியில் கல்லீரல் போகும். வெளிநாட்டு மரத்தடியில் முளைத்த எதையும் வாயில் வைக்க வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் மைக்கோரைசா பாக்கெட் விற்கிறார்கள். மாடித் தோட்டத்துக்குப் போடலாமா?
(மாடித் தோட்டக்காரர், அம்மாபேட்டை)

பதில்: தென்னை நார்த்தூள் தொட்டிக்குப் போடலாம், அதில் இயற்கையாக இந்தப் பூஞ்சை இருக்காது. நிலத்துக்குத் தேவையில்லை. பக்கத்தில் பழைய புங்கன் இருந்தால் அதன் வேர்ப்பக்கத்து மண் ஒரு கைப்பிடி போதும், நம்மூர்ப் பூஞ்சை அதிலேயே இருக்கும். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் மட்டும் செடி பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது.

கேள்வி: அப்படியானால், இடி இடித்தால் முளைக்கும் புற்றுக் காளானும் வெளிநாடா?
(பள்ளி மாணவி, வாழப்பாடி)

பதில்: இல்லை கண்ணு, அது நம்முடையது. அது மரத்தோடு வாழ்வதில்லை, கறையானோடு வாழ்வது. கறையான் புற்றுக்குள் தன் குஞ்சுகளுக்கும் தனக்கும் தீனியாக வளர்க்கும் பூஞ்சைதான் மழையில் குடையாக வெளியே வருகிறது. வீட்டில் பெரியவர்கள் அடையாளம் பார்த்துப் பறிக்கும்போது கூடவே போய்ப் பார். மெல்லச் சுற்றி மண்ணை விலக்கினால் தண்டு வேர் மாதிரி கீழே நீண்டு, கறையான் கூடு வரைக்கும் போகும். புற்றை இடிக்காமல் எடுக்கச் சொல்.