ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தும் யாரும் போடவில்லை: சிறிய கட்டட வேலையில் பாதுகாப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: சிறிய அளவில் கட்டட ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். இப்போது மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நடக்கிறது. 15 பேர் வரை வேலை செய்கிறார்கள். போன மாதம் கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. உடனே எல்லோருக்கும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் வாங்கிக் கொடுத்தேன். நான் நின்றால் போடுகிறார்கள், நகர்ந்ததும் கழற்றிவிடுகிறார்கள். பாதுகாப்பு அதிகாரி வைக்க வசதியில்லை. கையில் இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது?

பதில்: முதலில் அந்தக் கொத்தனாரின் சிகிச்சைச் செலவையும் அவர் வீட்டில் இருக்கும் நாட்களின் கூலியையும் கொடுத்துவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவரை எப்படி நடத்துகிறீர்கள் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘அடிபட்டால் வேலை போய்விடும்’ என்று நினைப்பவர், பலகை ஆடுகிறது என்று உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்.

சரி, இனி வேலைக்கு வருவோம். விழுகிறவரைக் காப்பாற்ற நினைத்து ஹெல்மெட்டில் தொடங்கியிருக்கிறீர்கள். அது முக்கியமாக மேலிருந்து விழும் செங்கல்லுக்கும் கம்பித் துண்டுக்கும் ஆனது. அதுவும் 15 பேரும் நாள் முழுக்க மறக்காமல் போட்டால்தான் பலன். சாரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பைக் கட்டிவிட்டால் யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அதனால் முதல் பணத்தை இடத்தைச் சரிசெய்யச் செலவழியுங்கள். ஆள்மேல் மாட்டும் பொருள்கள் அப்புறம்.

சாரத்தில் பார்க்க வேண்டியவை இவைதான். நிற்கும் தட்டு முழுக்கப் பலகை இருக்க வேண்டும், நடுவே இடைவெளி கூடாது. பலகை இரு முனையிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத பலகையின் நுனியில் மிதித்தால் மறுமுனை எழும்பிவிடும். வெளிப்பக்கம் சுமார் 1 மீட்டர் உயரத்தில் ஒரு கம்பு, அதற்கும் பலகைக்கும் நடுவில் இன்னொன்று, காலடியில் பொருள் உருண்டு விழாமல் ஒரு தடுப்புப் பலகை. சாரத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். கால்கள் வெறும் மண்ணில் நிற்கக் கூடாது, அடியில் பலகை வையுங்கள். ஏணி, 4 மீட்டர் உயரத்துக்கு அதன் கீழ்முனை 1 மீட்டர் தள்ளி என்ற கணக்கில் சாய்ந்து, ஏறி இறங்கும் தட்டுக்கு மேல் 1 மீட்டர் நீண்டிருக்கட்டும். தளத்தின் விளிம்பு, படிக்கட்டுக்காக விட்ட திறப்பு, லிப்ட் குழி எல்லாவற்றுக்கும் அன்றே தடுப்பு வேண்டும். ‘நாளைக்குச் சுவர் வந்துவிடும்’ என்று விடுகிற ஒரு நாளில்தான் ஆள் விழுகிறார்.

பெல்ட்டைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. முழு உடல் பெல்ட்டின் கயிறு பெரும்பாலும் 1.8 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்க மடித்துத் தைத்த பட்டை பிரியும்போது இன்னும் சுமார் 1 மீட்டர் நீளும். முதுகில் இருக்கும் வளையத்திலிருந்து கால்வரை 1.5 மீட்டர். பாதுகாப்புக்காகக் கூடுதல் இடைவெளி 1 மீட்டர். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 5.3 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரச் சாரத்தில் நிற்பவர் தோள் உயரத்தில் கொக்கியை மாட்டினாலும், அது தரையிலிருந்து 4.5 மீட்டர்தான். கயிறு பிடித்து நிறுத்துவதற்குள் அவர் தரையில் மோதிவிடக்கூடும். உங்கள் கட்டடத்தின் முதல் தளத்தில் பெல்ட் கிட்டத்தட்ட உதவாது, கைப்பிடிக் கம்புதான் உதவும். மேல் தளங்களில் பெல்ட் தேவைப்பட்டால் கொக்கியைத் தலைக்கு மேலே, கட்டடத்தின் உறுதியான பகுதியில் மாட்ட வேண்டும். சாரக் கம்பில் மாட்டுவது ஆபத்து. வெறும் இடுப்பு பெல்ட்டை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழும்போது அது உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடக்கூடும் என்பதால் விழுவதைத் தடுத்து நிறுத்த அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998லேயே தடைசெய்துவிட்டது.

அடுத்த வேலைக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது இதை மறக்காதீர்கள்: ஒரு கன மீட்டர் மண் 1.5 டன்னுக்குக் குறையாது. மார்புவரை மூடினாலே போதும், தலை வெளியே இருந்தும் மூச்சு விட முடியாது. 1.5 மீட்டரைத் தாண்டும் குழியில் ஆள் இறங்குவதற்கு முன் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், இல்லையென்றால் பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். இளகிய மண் என்றால் அந்த ஆழம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். வண்டியை அருகில் நிறுத்தாதீர்கள். மழை பெய்த மறுநாள் நீங்களே பார்த்த பிறகுதான் யாரும் இறங்க வேண்டும். மண் சரிந்து ஒருவர் சிக்கினால் பதறி அடுத்தவர் குதிப்பதும் அவர்மேலும் மண் சரிவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு செலவு: தற்காலிக இணைப்புப் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான், அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் கருவி. ஒட்டுப்போட்ட வயர் தண்ணீரில் கிடக்கக் கூடாது.

வெயில் உடனே ஆளைச் சாய்க்கும். தூசி ஆண்டுகள் கழித்து நுரையீரலைக் கெடுக்கும், அதனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும்போது வரும் சிலிகா தூசி புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. தண்ணீர் ஊற்றி அறுத்தாலே தூசி பெருமளவு அடங்கும். வெயிலில் 15–20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வேண்டும், நிழலில் ஓய்வும் வேண்டும். கடும் வெயிலில் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு முதல் நாள் முழு வேலை கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கில் தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். வெயிலில் சுருண்டு விழுபவர்களில் புதியவர்களே அதிகம்.

‘சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பது) வேறு ஆள், கம்பி வேறு ஆள், நான் எப்படிப் பொறுப்பாவேன்?’ என்று நீங்கள் கேட்கலாம். கட்டுமானப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 167ஆம் உடன்படிக்கை (1988) இதற்குப் பதில் வைத்திருக்கிறது: பல ஒப்பந்ததாரர்கள் இருக்கும் இடத்தில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு முதன்மை ஒப்பந்ததாரருடையது. பாதுகாப்புப் பொருள்களை இலவசமாகத் தர வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் இதன்படி நடப்பது நல்லது. பல வளரும் நாடுகளில் ஆய்வாளர் சிறிய கட்டடங்களுக்கு வருவதே அரிது. அங்கே தொழிலாளிக்கு உங்களைத் தவிர வேறு காவல் இல்லை. விலைப்புள்ளி கொடுக்கும்போதே சாரம், தடுப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் தனி வரியாக எழுதிவிடுங்கள். சதுர அடி விலைக்குள் மறைத்து வைத்தால், பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

இத்தனையும் செய்த பிறகு ஹெல்மெட். யாரும் ஏன் போடுவதில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். சூடு, அளவு சரியில்லை, குனிந்தால் விழுகிறது என்பார்கள். காற்றோட்டத் துளையும் தாடைப் பட்டையும் உள்ளதாக, பட்டையைக் கூட்டிக் குறைக்க முடிகிறதாக மாற்றிக் கொடுங்கள். தலையில் சுமை தூக்கும் சித்தாள்களால் அதைப் போடவே முடியாது, அவர்களைத் திட்டிப் பயனில்லை. மேலே வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே அவர்கள் நடக்காதபடி பாதையை மாற்றிக் கயிறு கட்டுங்கள். மாடிக்குப் போகும் சுமையை, ஆள் நிற்காத பக்கத்தில் கப்பி வைத்து ஏற்றுங்கள்.