மூன்றாம் வகுப்பு: ஒரு மாதத்தில் பிள்ளை என்ன படித்திருக்கும்?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஜூனில் பள்ளி திறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. நோட்டில் பத்துப் பக்கம்கூட எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வேறு பள்ளியில் அதே வகுப்பு. இரண்டு நோட்டை முடித்துவிட்டான். இவளிடம் கேட்டால் "விளையாடினோம், பாட்டுப் பாடினோம்" என்கிறாள். ஒரு மாதத்தில் என்னதான் படித்திருக்க வேண்டும்? டியூஷனில் சேர்த்துவிடலாமா?
- ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில் (ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்):

நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள் அம்மா. கரும்பலகையைப் பார்த்து எழுதிய பத்துப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும், விரலை வைத்து "இது என்ன சொல்?" என்றால் விழிக்கும்.

ஒரு மாதம் என்றால் இருபது, இருபத்திரண்டு வேலை நாள். அதில் முதல் சில நாள், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதிலேயே போய்விடும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாட்டும் அட்டையும் விளையாட்டும் அதற்கான வழிகள்தான். ஆகவே ஆசிரியரைப் பார்த்தால், "எத்தனை பாடம் முடிந்தது?" என்று கேட்காதீர்கள். "தமிழில் இவள் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை?" என்று கேளுங்கள். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டாக இருப்பது சகஜம்.

தமிழில் நான் பார்ப்பது ஒன்றுதான்: இதுவரை பார்க்காத ஒரு பத்தியை வாசிக்கிறாளா? பாடப்புத்தகம் வேண்டாம், அது காதால் கேட்டே மனப்பாடம் ஆகியிருக்கும். மளிகை மடித்து வந்த தாளோ ரேஷன் கடை அறிவிப்போ போதும். மத்திய அரசு 2021-ல் தொடங்கிய நிபுண் பாரத், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை பொருள் புரிந்து நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும் என்கிறது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்! தமிழில் 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல்தான். வாசித்து முடித்தபின் "யார் போனார்கள்?" என்று கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள். சொல்வதை எழுதுவதில் ர-ற, ல-ள-ழ, ன-ண குழம்பினால் இப்போதைக்குப் பதற வேண்டாம். ஒற்றெழுத்தை விட்டுவிட்டுப் 'பக்கம்' என்பதைப் 'பகம்' என்று எழுதினால் மட்டும் கவனியுங்கள்; ஒலியைப் பிரித்துக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

கணக்குதான் இந்த வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம். மூன்றிலக்க எண்கள் இங்கேதான் நிலைபெற வேண்டும். 'நூற்றைந்து' என்று சொன்னால் சில பிள்ளைகள் 1005 என்று எழுதும். நூறைக் காதில் வாங்கி 100 போட்டுவிட்டு, ஐந்தைப் பக்கத்தில் ஒட்டிவிடும். நம் எண்ணுப் பெயர்களிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஒன்பதில் தொடங்கினால் அடுத்தது தொண்ணூறு, அதற்கடுத்தது தொள்ளாயிரம். தொண்ணூறில் 'நூறு' ஒலிக்கும், தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கும். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

அடுத்தது கடன் வாங்கிக் கழித்தல். 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 225. மகள் 375 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். 3-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 3-ஐ எடுத்துவிட்டாள். 235 என்று எழுதினால் கடன் வாங்கத் தெரிகிறது, ஆனால் நடுவில் இருக்கும் பூஜ்யத்துக்குக் கிடைத்த பத்தில் ஒன்று ஒன்றுகளுக்குப் போய் ஒன்பதானதை மறந்துவிட்டாள். இரண்டும் தப்புதான், இரண்டுக்கும் மருந்து வேறு. சிவப்பு மையில் தப்புக்குறி போட்டு நிறுத்தினால் இது தெரியாது.

வீட்டில் இதற்குக் காசே போதும். நூறு ரூபாய் நோட்டு நான்கு, ஒரு ரூபாய் நாணயம் மூன்று கொடுங்கள். நிஜ நோட்டு வேண்டாமென்றால் தாளை வெட்டி எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கடைக்காரர், 178 ரூபாய்க்குச் சாமான் கொடுத்துச் சரியான சில்லறை கேளுங்கள். முதலில் ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றுவாள், பிறகு அதில் ஒரு பத்தைப் பத்து ஒரு ரூபாயாக மாற்றுவாள். மாற்றியபின் கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. நோட்டில் 'கடன்' என்று சொல்வது இந்தச் சில்லறை மாற்றுவதைத்தான்.

மற்றப் பாடங்களை அதிகம் அலச வேண்டியதில்லை. அறிவியலில் முதல் பருவத்தில் உடல், பொருள்களின் நிலைகள், விசை எல்லாம் வரும். கதவைத் தள்ளுவது, கிணற்றுக் கயிற்றை இழுப்பது, ஐஸ் உருகுவது என்று பேசினாலே பாதி முடிந்தது. சமூக அறிவியலுக்குத் தாத்தா, பாட்டி, ஊராட்சி அலுவலகம், சந்தை எல்லாமே பாடம். ஆங்கிலத்தில் எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துச் சின்னச் சொற்களை வாசித்து, பெயர், ஊர், பிடித்தது பற்றி இரண்டு மூன்று வாக்கியம் பயமில்லாமல் பேசினால் இந்த மாதத்துக்கு நிறைவு.

டியூஷன் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. பெரும்பாலும் அங்கேயும் பள்ளி வீட்டுப்பாடத்தையே எழுத வைத்து அனுப்புவார்கள். பக்கம் கூடும், அவ்வளவுதான். இரவில் பத்து நிமிட வாசிப்பு, வாரத்தில் இரண்டு நாள் கடை விளையாட்டு போதும். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கத் திணறினாலோ, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கண், காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

403 கணக்கை இன்று இரவே கொடுத்துப் பாருங்கள். சரியாகச் செய்துவிட்டால் அடுத்தது 600-லிருந்து 247. அதில் இரண்டு பூஜ்யம்.