வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த டிவிடி றைட்டர் நல்லம்?

அக்கரைப்பத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிரிக்காங்க: கல்யாண வீடியோ, புள்ளைகள்ட படம் எல்லாம் கொம்பியூட்டருக்குள்ள கிடக்கு, வாப்பாட வீட்ட பழைய டிவிடி பிளேயர்தான் இரிக்கு, அதுல போட்டுப் பாக்கிற மாதிரி எழுதிக் குடுக்கணும், கடையில 24எக்ஸ் எண்டு உள்ளுக்குப் பூட்டுற ஒண்டும் வெளியால குத்துற சின்னது ஒண்டும் புளூரே ஒண்டும் காட்டுறாங்க, எத வாங்குற எண்டு.

தங்கச்சி, புளூரேய முதல்ல விட்டிருங்க. ஒரு டிஸ்க்ல 25 ஜிபி போகும்தான், ஆனா வாப்பாட பிளேயர் அத வாசிக்கவே மாட்டாது. சோனியும் 2025 பெப்ரவரியோட எழுதுற புளூரே டிஸ்க் செய்யிறத நிப்பாட்டிட்டாங்க.

24எக்ஸ் எண்ட கதைக்கும் காசு குடுக்க வேணாம். அந்த வேகம் டிஸ்க்ட வெளி ஓரத்துக்கு வந்தாத்தான் வரும், உள்ளால தொடங்கக்குள்ள அதுல பாதிகூட இல்ல, கடையில விக்கிற வெறும் டிவிடியும் பெரும்பாலும் 16எக்ஸ்தான். 16எக்ஸ்ல முழு டிஸ்க் எழுத ஒரு ஆறு நிமிசம் எண்டா 8எக்ஸ்ல எட்டு ஒம்பது நிமிசம், அவ்வளவுதான் வித்தியாசம். வேகத்த 8எக்ஸ்ல வெச்சே எழுதுங்க, பழைய பிளேயருக்கு அதுதான் நல்லம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன், உள்ளுக்கா வெளியாலயா எண்டது. கேஸிங்கட முன்பக்கத்துல சீடி றைவ் பூட்டுற 5.25 இஞ்சி இடம் இரிக்கா எண்டு பாருங்க, இப்ப வாற கனக்க கேஸிங்ல அது இல்லவே இல்ல. இருந்தா பக்க மூடியக் கழட்டி, மதர்போட்ல எல் மாதிரி வெட்டு உள்ள சின்ன சாட்டா சொக்கட் ஒண்டு சும்மா இரிக்கா, பவர் சப்ளைல அதுக்குரிய வயர் ஒண்டு மிச்சம் இரிக்கா எண்டு பாருங்க. நீட்டா 40 பின் உள்ள பழைய சொக்கட் மட்டும்தான் எண்டா புது றைட்டர் அதுல பூட்ட ஏலாது. எல்லாம் சரி எண்டா யோசிக்காம உள்ளுக்குப் பூட்டுறதையே வாங்குங்க, கரண்ட் பவர் சப்ளைல இருந்து நேர வாறதால நிண்டு உழைக்கும்.

வெளியால குத்துறது அப்பிடியில்ல, அதுக்கு யூஎஸ்பி வயரால வாற கரண்ட்தான் எல்லாமே. யூஎஸ்பி 2 போட் 500 மில்லி அம்பியர்தான் குடுக்கும், யூஎஸ்பி 3 எண்டா 900. வாசிக்கிறத விட எழுதக்குள்ள லேசருக்குக் கூட கரண்ட் வேணும், அதால படம் போட்டா நல்லா ஓடும், எழுதப் போனா பாதியில எரர் அடிச்சு டிஸ்க் வீணாப் போயிரும், ஆக்கள் றைட்டர் பழுது எண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டு போவாங்க, பாத்தா றைட்டர்ல ஒரு பிழையும் இரிக்காது. முன்பக்கப் போட்லயும் ஹப்லயும் குத்தாதீங்க, பின்பக்கம் மதர்போட்லயே இரிக்கிற நீல நிற யூஎஸ்பி 3 போட்ல குத்துங்க. வயர்ல ரெண்டு யூஎஸ்பி தலை இருந்தா ரெண்டையும் குத்தணும். லெப்டொப் எண்டா இதுதான் வழி, கேஸிங்ல இடமில்லாட்டியும் இதுதான்.

பழைய றைட்டர் மலிவா வருது எண்டு சொன்னா எடுக்காதீங்க, லேசர் தேஞ்சு போயிருக்கும். புதுசையும் கடையிலேயே ஒரு டிஸ்க் எழுதிக் காட்டச் சொல்லி, அத வேற மெசின்ல திறந்து பாத்துட்டுக் காசக் குடுங்க.

மறுகா எழுதுற விசயம். டிவிடி-ஆர் வாங்குங்க, பழைய பிளேயருக்கு அதுதான் கூடப் புடிக்கும். 4.7 ஜிபி எண்டு போட்டிருந்தாலும் விண்டோஸ்ல 4.38 எண்டுதான் காட்டும், அதையும் விளிம்பு மட்டும் நிரப்பாதீங்க, பிழை கூட வாறது அந்த ஓரத்துலதான். 8.5 ஜிபி டபுள் லேயர், அதாவது ரெண்டு அடுக்கு உள்ள டிஸ்க் வேணாம், விலையும் கூட, லேயர் மாறக்குள்ள பிளேயர் தடக்கும், ரெண்டு டிஸ்க்கா எழுதுங்க. எம்பி4 ஃபைல அப்பிடியே இழுத்துப் போட்டா வாப்பாட பிளேயருக்கு விளங்காமப் போகும், டிவிடி ஸ்டைலர் எண்ட இலவச புரோகிராமால டிவிடி வீடியோவா மாத்தி எழுதணும், ஒரு டிஸ்க்ல ரெண்டு மணித்தியாலம் வைங்க. படங்கள விண்டோஸாலயே எழுதலாம், யூஎஸ்பி மாதிரிப் பாவிக்கவா, சீடி டிவிடி பிளேயர்ல பாவிக்கவா எண்டு அது கேக்கும், ரெண்டாவதத்தான் அமத்தணும். எழுதுற புரோகிராம்ல வெரிஃபை, அதாவது எழுதினது சரியா எண்டு பாக்கிறது இருந்தா எழுதி முடிய அதையும் ஓட விடுங்க, நேரம் போனாலும் பரவால்ல.

டெஸ்க்டொப் எண்டா யூபிஎஸ் இல்லாம எழுதத் தொடங்காதீங்க, நடுவுல கரண்ட் போனா அந்த டிவிடி-ஆர் முடிஞ்சுது, திரும்ப எழுத ஏலாது.

எழுதின டிஸ்க்க ஜன்னலோரம், டீவிக்கு மேல வைக்கிற பழக்கம் வேணாம், உள்ளுக்கு இரிக்கிற சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் வெளிறிப் போயிரும், நம்மட கடக்கரைப் பக்கத்து ஈரக் காத்தும் அதுக்குக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டாம மாக்கர் பேனையால பேர எழுதி, கட்டிப் பெட்டில போட்டு அலுமாரிக்குள்ள நிமித்தி வைங்க. டிஸ்க்ல எழுதியாச்சே எண்டு கொம்பியூட்டர்ல உள்ளத அழிச்சிராதீங்க, வெளி ஹாட் டிஸ்க் ஒண்டுலயும் அதே வீடியோவும் படமும் கிடக்கட்டும்.