வெள்ளைக்கல்லும் டிகாஷனும்: ஒரு சயனோடைப்காரரின் கேள்வி பதில்

சேலத்தில் உட்கார்ந்து வெயிலை வைத்துப் படம் செய்கிறவன் நான். வந்த கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில்.

சயனோடைப்னா என்ன அண்ணா? கேமரா வேணுமா? (பிளஸ் டூ மாணவர், சூரமங்கலம்)

வேண்டாம் தம்பி. பெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு ரெண்டையும் தண்ணியில் கரைத்துத் தாளில் பூசி, இருட்டில் காய வை. மேலே ஏதாவது பொருளை வைத்து வெயிலில் காட்டு, பிறகு பச்சைத் தண்ணியில் அலசு. வெயில் பட்ட இடம் நீலம், மறைந்த இடம் வெள்ளை. 1842ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. கட்டட 'ப்ளூ பிரிண்ட்' வந்ததும் இப்படித்தான். கையுறை கட்டாயம்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு ஒன்றை வைத்துப் பார். தாளை ஒட்டிக் கிடக்கும் சங்கிலி கூர்மையாக விழும். சற்றே தூக்கி நிற்கும் முத்துகளின் ஓரம் புகை மாதிரி கலங்கும்.

கற்பனை வற்றிப்போனா என்ன செய்வீங்க? (அம்மாபேட்டை வாசகி)

நான் கற்பனையை நம்பி உட்கார்றதே இல்லைங்க. அதை நம்பிப் பட்டது ஒருமுறை போதும். 'சேலத்து மண்ணிலேயே சேலத்துப் படம்' என்று பெரிய யோசனை. வெள்ளைக்கல்லை, அதாங்க மேக்னசைட்டை, இடித்துச் சலித்து, ஜவ்வரிசிக் கஞ்சியில் குழைத்துத் தாளில் பூசி, அதன்மேல் சயனோடைப் போட்டேன். முதல் நாள் அருமையான நீலம். சில வாரத்தில் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. அந்தக் கல் ஒரு கார்பனேட், அதாவது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ளது. இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. என் யோசனை கல்லுக்குத் தெரியாதே!

சரி, காரம்தான் அழிக்கிறது என்றால் நாமே அழிப்போம் என்று ஒரு படத்தை வாஷிங் சோடாத் தண்ணியில் முக்கினேன். நீலம் போய் மஞ்சள் நிழல் மட்டும் நின்றது. அலசிவிட்டு, ஏற்காட்டுக் காபித்தூளில் போட்ட ஆறின டிகாஷனில் ஊறவிட்டேன். பழுப்பும் கறுப்புமாகப் படம் மெல்ல எழுந்து வந்தது. தாளில் மிச்சமிருந்த இரும்பும் காபியின் துவர்ப்பும் சேர்ந்த வேலை; கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுக்குமே, அதே கதை. இப்போது என் படங்களில் பாதி இப்படித்தான்.

மலைமேலே செஞ்சா படம் வெளிறிப்போகுது, ஏன்? (ஏற்காடு, எஸ்டேட்டில் வேலை)

பனிமூட்டம்தான். கீழே பத்து நிமிஷத்தில் ஆவது அங்கே முக்கால் மணிகூட இழுக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீங்க, நிறத்தைப் பாருங்க: மஞ்சள்பச்சை நீலமாகி, நீலம் பித்தளைச் சாம்பலாக மங்கும். அப்போது எடுங்க.

இது சோறு போடுமா? (பெயர் போடாதவர்)

இது மட்டும் போடாது. 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் காலூன்றினார்கள். நானும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். வெட்கமில்லை. முகூர்த்த மாசத்தில் மட்டும் தாள் பக்கம் போக நேரமிருக்காது.

கெட்டுப்போன தாளையெல்லாம் தூக்கிப் போட்டுடுவீங்களா? (அதே பிளஸ் டூ தம்பி)

பின்பக்கம் தேதி, நேரம், மேகம் இருந்ததா என்று பென்சிலில் எழுதி அட்டைப் பெட்டியில் வைக்கிறேன். வெள்ளைக்கல் தாள்தான் எல்லாத்துக்கும் மேலே கிடக்கிறது. மஞ்சள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.