வீடு யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 48 வயது. சொந்த ஊர் மதுரை. பாஸ்டனில் படிக்க வந்த இடத்தில் ஓர் இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். 22 வருடமாகிறது. கணவரின் தாத்தாவும் அவர் தம்பியும் சிசிலியிலிருந்து மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸுக்கு ஆலை வேலைக்கு வந்தவர்கள். தம்பி, அரசாங்கமே கூடாது என்ற அராஜகவாதிகளோடு சேர்ந்துவிட்டாராம். 1920 ஜனவரியில் யாரோ தகவல் கொடுத்து, போலீஸ் பிடித்து, நாடு கடத்திவிட்டார்கள். அவர் பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது. (லாரன்ஸில் எங்களுக்கு ஒரு மூன்றடுக்கு மர வீடு உண்டு. முதலில் அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இருந்ததாம். இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறோம்.) என் மகளுக்கு 19 வயது. குடியேறிகளைக் கைது செய்வதை எதிர்த்துப் பதாகை பிடித்தாள். போன மாதம் விருந்துச் சாப்பாட்டில் அவள் பெரியப்பா எல்லோர் முன்னாலும், “அந்தத் தாத்தாவின் ரத்தம், தீவிரவாதி” என்றார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 23 பேர் கூடுகிறோம். அவளை எப்படி அடக்கி உட்கார வைப்பது?

- பெயர் வேண்டாம், மெத்யூன்

பதில்: மகளை அடக்குவது எப்படி என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களை ஒரு சாக்கில் கட்டலாம். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீங்கள் பிராக்கெட்டுக்குள் போட்ட வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இருவர் பெயரிலும் இருந்ததாம். ஒருவரை யாரோ காட்டிக் கொடுத்தார்களாம். இப்போது வாடகை உங்களுக்கு வருகிறது. இந்த மூன்று வாக்கியத்தையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, பதாகை பிடித்த பெண்ணைப் பற்றி என்னிடம் கேட்க உங்களுக்கு எப்படியம்மா மனசு வந்தது? மதுரைக்காரி என்கிறீர்கள். பங்காளித் தகராறைப் பார்க்காமலா வளர்ந்தீர்கள்? ஊரில் ஒருவன் மேல் மொட்டைக் கடிதம் போனால், போலீஸ் விசாரிப்பதற்கு முன்னால் திண்ணையில் இருக்கும் கிழவி கேட்டுவிடுவாள், அவனுக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு உண்டா என்று. கடல் தாண்டியதும் அந்தக் கிழவி உங்களுக்குள் செத்துப் போனாளா?

அண்ணன்தான் காட்டிக் கொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உங்களில் ஒருவர்கூட மெனக்கெடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

1920 ஜனவரி 2-ம் தேதி இரவு நாடு முழுக்க நடந்த அந்தச் சோதனையில் அரசாங்கம் குறிவைத்தது பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சிகளின் உறுப்பினர்களை. உங்கள் சின்னத் தாத்தாவை அராஜகவாதி என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. ஒருவருக்கொருவர் ஆகவே ஆகாது. ஆக, நூறு வருடமாக ஒருவரைத் தலைமுழுகி வைத்திருக்கும் குடும்பம், அவர் எந்தக் கட்சி என்றுகூட விசாரித்து வைக்கவில்லை. லாரன்ஸிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பிடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோரைப் பாஸ்டன் தெருக்களில் சங்கிலி போட்டு நடத்தி, டீர் தீவுச் சிறையில் அடைத்தார்கள். அதே வருடம் ஜூனில் நீதிபதி ஆண்டர்சன் இந்தக் கைதுகளைக் கிழி கிழியென்று கிழித்தார். வாஷிங்டனில் தொழிலாளர் துறையை அப்போது கவனித்துக்கொண்டிருந்த லூயிஸ் போஸ்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரண்டுகளை ரத்து செய்தார். அத்தனை பேர் வீடு திரும்பினார்கள். உங்கள் சின்னத் தாத்தா மட்டும் ஏன் திரும்பவில்லை? அவருக்காக வக்கீல் வைத்தார்களா? டீர் தீவுக்கு ஒருவராவது போய்ப் பார்த்தார்களா?

அவர் உத்தமர் என்று வாதாட வரவில்லை நான். குண்டு வைத்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். இத்தாலிய அராஜகவாதத் தலைவர் லூயிஜி கல்லேயானியின் ஆட்கள் 1919 ஜூன் 2-ம் தேதி ஒரே இரவில் எட்டு ஊர்களில் குண்டு வைத்தார்கள். பிறகு அந்தச் சோதனைகளை நடத்திய அட்டர்னி ஜெனரல் பாமர் வீட்டு வாசலில், கொண்டு போனவனே வெடித்துச் சிதறினான். பயப்பட ஊருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தை அண்டை வீட்டுக்காரன் தன் பழைய கணக்குகளைத் தீர்க்கவும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவனை அடையாளம் காண ஒரு வழிதான் எனக்குத் தெரியும். கடைசியில் சொத்து யார் கையில் நின்றது என்று பாருங்கள்.

நீங்கள் சமைக்கப்போகும் அந்த இரவு விருந்தில் விலாங்கு மீன் உண்டா? தென் இத்தாலியக் குடும்பம், இருக்கும். அதை வைத்தே ஒரு கதை சொல்கிறேன். பார்த்தொலொமேயோ வான்செட்டி பிளிமத்தில் தள்ளுவண்டியில் மீன் விற்றவர். அவரும் கல்லேயானி கோஷ்டிதான். 1919 டிசம்பர் 24 காலை பிரிட்ஜ்வாட்டரில் நடந்த கொள்ளை முயற்சியை அவர் தலையில் கட்டினார்கள். அந்த ஊர் இத்தாலியர்கள் வரிசையாகக் கோர்ட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கு இவர் எங்கள் வீட்டுக்கு விலாங்கு கொண்டுவந்தார் என்று சாட்சி சொன்னார்கள். கூட வண்டியோடு போன 13 வயதுப் பையனும் கூண்டேறினான். அவர்களில் பலருக்கு அவருடைய அரசியலோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. மாலையானால் சமைத்துச் சாப்பிட்டுத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர்கள் சொன்னதை ஜூரி நம்பவில்லை. பிறகு அவருடைய தோழர் சாக்கோவோடு சேர்த்து இன்னொரு கொலை வழக்கு, 1927 ஆகஸ்ட் 23-ல் மின்சார நாற்காலி. ஐம்பது வருடம் கழித்து, 1977-ல், விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று மாசசூசெட்ஸ் கவர்னர் டுகாகிஸ் அறிக்கை விட்டார். தோற்றுப்போன சாட்சிகள்தான். ஆனாலும் மீன் வாங்கியவர்கள் மீன்காரனுக்காக வந்தார்கள். கூடப் பிறந்தவருக்காக உங்கள் குடும்பத்தில் யார் வந்தார்கள் என்று கேட்டால் உங்களிடம் ஒரு பெயராவது இருக்கிறதா?

வருடா வருடம் செப்டம்பரில் லாரன்ஸில் மூன்று புனிதர் திருவிழா நடக்கிறதே, அதற்கும் போவீர்கள். அல்ஃபியோ, ஃபிலடெல்ஃபோ, சிரீனோ. மூவரும் உடன்பிறந்தவர்கள், சேர்ந்தே செத்தவர்கள். அந்த அண்ணன் தம்பிகளை ஊர்வலம் விடும் ஜனங்கள்!

மௌனம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1912-ல் வாரக் கூலியில் சுமார் 32 செண்ட் குறைந்ததற்காக லாரன்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். காமெல்லா டியோலி என்ற இத்தாலியச் சிறுமியின் தலைமுடியை ஆலை இயந்திரம் தோலோடு பிய்த்திருந்தது. அந்த மார்ச்சில் அவள் வாஷிங்டன் போய் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் அதைச் சொன்னாள். பெரியவளாகி, கல்யாணமாகி, மகள் பிறந்தாள். தாயின் வழுக்கை தெரியாமல் தினம் கொண்டை போட்டுவிட்டவள் அந்த மகள். தாய் வாஷிங்டனில் சாட்சி சொன்ன கதை அவளுக்குத் தெரியாது. தாய் இறந்த பிறகு, 1970-களில், ஒரு பத்திரிகைக்காரர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ‘தீவிரவாதிகளின் ஊர்’ என்ற பட்டத்துக்குப் பயந்து ஓர் ஊரே வாயை மூடிக்கொண்டால், பிள்ளைகளுக்குப் பெருமைப்பட இருந்ததும் சேர்ந்து புதைகிறது.

இப்போது உங்கள் மூத்தாருக்கு வருகிறேன். தம்பி மகளை எல்லோர் நடுவிலும் ‘தீவிரவாதி’ என்பது அரசியல் கருத்தாகாது. வீட்டுப் பிள்ளையை வெளியாளாக்கும் வேலை அது. இந்தக் குடும்பம் ஒரு தடவை செய்து பார்த்த வேலை. பெரியப்பா என்றால் பாதி அப்பா. தப்பு என்று பட்டால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டட்டும், அந்த உரிமை அவருக்கு உண்டு. அந்த நேரத்தில் உங்கள் கணவர் என்ன செய்தார்? கடிதம் முழுக்கத் தேடினேன், அவர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. பழைய கதையிலும் ஒருவர் பேசாமல்தான் இருந்திருப்பார்.

செய்ய வேண்டியது இதுதான். பத்திரப் பதிவு அலுவலகம் லாரன்ஸிலேயே இருக்கிறது. பண்டிகைக்கு முன்னால் உங்கள் கணவர் போகட்டும். மகளை அனுப்பாதீர்கள், இது அவள் தலைமுறைக் கடன் இல்லை. இரண்டாவது பெயர் எந்தத் தேதியில் நீங்கியது, கையெழுத்துப் போட்டது யார், அன்றைக்குத் தம்பி எங்கே இருந்தார் என்று பார்க்கட்டும். தம்பியே மனசார எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அண்ணனுக்கு நூறு வருடப் பழி நீங்கும். இத்தாலிய அரசு 1894-லிருந்து அரசியல் சந்தேகப் பேர்வழிகளுக்கென்று வைத்திருந்த கோப்புகள் ரோமில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. வெளிநாடு போனவர்களைக்கூடத் தூதரகங்கள் வழியே கண்காணித்து எழுதியவை. அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். திரும்பிப் போனவருக்குப் பிள்ளை குட்டி இருந்தால், அந்த வாடகையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. சட்டம் என்ன சொல்லும் என்று வக்கீலைக் கேட்காதீர்கள், அது தெரிந்ததுதான். நான் முறையைச் சொல்கிறேன்.

மாமியார் இருக்கிறார்களா? கடிதத்தில் சொல்லவில்லை. இருந்தால், அந்தத் தாத்தாவுக்குச் சோறு போட்ட மருமகள் அவர்தான். வெளியிலிருந்து வந்தவர், உங்களைப் போல. ஆண்கள் வாய் திறக்காத விஷயம் அவர் காதில் எப்போதோ விழுந்திருக்கும். விருந்தில் வைத்துக் கேட்டு அவரைக் கூசவைக்காதீர்கள். 24-ம் தேதி காலையில், மற்றவர்கள் வருவதற்குள், சமையலறையில் கேளுங்கள். விலாங்கு வழுக்கும். ஒருவர் பிடிக்க, ஒருவர் தோலுரிக்க, எப்படியும் இரண்டு பேர் வேண்டும்.